அரைப் பேர்

நாற்பத்தொன்பதாவது வயதில் எனக்கு ஓர் அரசன் வேடம் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூடக் கொஞ்சம் மிகைதான். அந்த வேடத்துக்குப் பேசியிருந்த நடிகர் கனடா விசா வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். ஒத்திகை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஈட்டியைப் பிடித்துக்கொண்டு வாயிற்காவலனாக நின்றிருந்த என்னைப் பார்த்து இயக்குநர், "அண்ணை, உங்களுக்கு அரசன்ர வசனம் பாடமோ?" என்று கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பாடம்தான் என்றேன். வாயிற்காவலனுக்கு அரசன் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு என்ன வேலை?

பழக்கத்தைப் பார்த்தால் அரசன்தான் எனக்கு முதல் வேடம். மட்டக்களப்பில் நாடகம் படித்த நான்கு வருடமும் வடமோடிக் கூத்தில் என்னை அரசனாகத்தான் ஆட வைத்தார்கள். எனக்கு உயரமும் உண்டு, குரலும் உண்டு. கூத்தில் அரசன் சும்மா நடந்து வந்துவிட முடியாது. மத்தளத்துக்குக் கால் வைத்து, சுழன்று, தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு களரிக்குள் வர வேண்டும். தலையிலும் தோளிலும் கட்டையில் செய்த அணிகள், இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் உடுப்பு. எல்லாம் சேர்ந்தால் மழையில் நனைந்த தேயிலைக் கொழுந்து மூட்டையின் கனம் இருக்கும். அந்தக் கனத்தோடு ஆடிக்கொண்டே மூச்சு வாங்காமல் பாட வேண்டும். என் முழங்கால் தேய ஆரம்பித்தது அங்கேதான். இன்றைக்கு மாடிப்படி இறங்கும்போது வலிக்கிற ஒவ்வொரு முறையும், அந்தக் காலத்தில் என்னைப் பார்த்து "சபாஷ்" சொன்னவர்களை எல்லாம் திட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன்.

நான் பிறந்தது நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில். முதல் நாள் வகுப்பில் எழுந்து நின்று "எம் பேரு" என்று ஆரம்பித்தேன். பேச்சுப் பயிற்சி ஆசிரியர் கையைக் காட்டி நிறுத்தினார். "என் பெயர்" என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தரம் என்றார். வகுப்பு முழுதும் பார்த்துக்கொண்டிருக்க இருபது தரமாவது சொல்லியிருப்பேன். அன்றைக்கு வந்த வைராக்கியத்தில், அந்த வருடம் முடிவதற்குள் லயத்துப் பேச்சைக் கிழங்குத் தோலை உரிப்பதுபோல் நாக்கிலிருந்து உரித்துப் போட்டுவிட்டேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "என்னாடா இது, ரேடியோல நியூஸ் வாசிக்கிறவன் மாதிரி பேசுற? சோறு வேணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

படித்து முடித்துக் கொழும்புக்குப் போனேன். அங்கே அரசன் யாருக்கும் தேவைப்படவில்லை. நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்பார்கள், சொன்னதும் முகம் மலரும். "அப்ப நீங்கதான் சரி" என்று ஒரு வேடம் தருவார்கள். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிற தோட்டத் தொழிலாளி. தொழிற்சங்கக் கூட்டத்தில் கத்துகிறவன். துரை பங்களாவின் வாசலில் குனிந்து நிற்கிறவன். "கொஞ்சம் லயத்து வாடை வரட்டும்" என்று ஒருவர் சொன்னார். நல்ல மனிதர்தான், அதனால்தான் இன்னும் மறக்கவில்லை. ஒரு வருடம் பாடுபட்டு உரித்துப் போட்ட பேச்சை இருபத்தைந்து வருடமாகப் பொறுக்கியெடுத்து விற்றுக்கொண்டிருக்கிறேன். இடையில் வங்கி விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பேன், மூன்று பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் சொல்லிக்கொடுப்பேன். வேலை இல்லை என்று சொல்ல மாட்டேன். அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட எட்டு வயது மூத்தவள். அப்பா இறந்தபோது அவளுக்குப் பதினேழு, எனக்கு ஒன்பது. அம்மாவுக்கு இழுப்பு நோய், மழைக்காலம் வந்தால் படுத்துவிடுவாள். அப்பாவின் காரியம் முடிந்த மறுவாரமே அக்கா கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். அன்றிலிருந்து இன்று வரை போகிறாள். என் சப்பாத்து, புத்தகம், மட்டக்களப்புக்கு பஸ் செலவு எல்லாமே அவள் எடுத்த கொழுந்துதான். அதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவளுக்குச் சொல்லிக்காட்ட வேறு விஷயங்கள் உண்டு. நான் மெலிந்துவிட்டது, நான் போன் எடுக்காதது, என் கல்யாணம் நிலைக்காதது.

பத்துப் பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் நடித்தேன். வழக்கம்போல் குடிகார வேடம். அது ஒளிபரப்பான நேரத்தில் நான் வீட்டில் இருந்தேன். பக்கத்துக் காம்பரா வீடுகளிலிருந்து எல்லாம் வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். திரையில் நான் சாரத்தை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு சாக்கடைக் கானில் விழுந்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா எழுந்து டிவியை நிறுத்தினாள். என் பக்கம் திரும்பி, "இதுக்கா?" என்றாள். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த ஒரு சொல்லை நான் பதினொரு வருடமாகச் சுமந்தேன். விளம்பரக் குரல் பதிவு செய்யும்போது, பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்தும்போது, ஈட்டியோடு நிற்கும்போது, எங்கிருந்தோ வந்து காதில் விழும். அவள் இத்தனை வருடம் முதுகு வளைந்தது இதற்கா? அவளுக்கு ஒரே ஒரு தடவையாவது, இல்லை, இதற்குத்தான் என்று காட்ட வேண்டும். எனக்கு விருது ஆசையெல்லாம் எப்போதோ போய்விட்டது. இந்த ஆசை மட்டும் போகவில்லை. அதனால் அரசன் வேடம் கைக்கு வந்ததும், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஹட்டனிலும் நாடகத்துக்கு ஒரு காட்சி போடுகிறார்கள் என்று தெரிந்ததும், எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. அக்கா வர வேண்டும். முன்வரிசையில் உட்கார வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் மண்டபம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கிடைத்தது. போனில் சொன்னேன்.

"மூணு மணிக்கா? சனிக்கெழமையா?" என்றாள். "அப்ப எனக்கு அரைப் பேருதான்."

தோட்டத்தை அறியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் கணக்கப்பிள்ளை அன்றைக்கு உங்களுக்கு ஒரு பேர் போடுவார். குறைந்தாலோ, பாதி நாளில் இறங்கி வந்தாலோ அரைப் பேர். இந்த மாதம் எத்தனை பேர் என்று கேட்டால் எத்தனை நாள் வேலை செய்தாய் என்று அர்த்தம். அரைப் பேர் போட்டுவிட்டார்கள் என்பது எங்கள் லயத்தில் தினம் ஒரு வீட்டிலாவது கேட்கும் புலம்பல்.

"நான் வேண்டுமானால் அந்தக் காசைத் தந்துவிடுகிறேன் அக்கா."

"ஒங் காச யாரு கேட்டா? நான் வாறேன். வேற யாரும் ஒக்காந்திராத மாதிரி சீட்டு போட்டு வையி. முட்டி மடக்கி ஒக்கார முடியாது எனக்கு."

முந்தின நாள் இரவிலிருந்தே எனக்குக் காய்ச்சல். கொழும்பிலிருந்து வேனில் ஆறு மணி நேரம் வளைந்து வளைந்து வந்ததில் வயிறும் கலங்கிவிட்டது. மண்டபத்தில் வெளிச்சம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மேடைக்குப் பின்னால் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். மண்டபக் காவலாளி ஒரு சிங்களப் பெரியவர். என் தலைக்குப் பக்கத்தில் கழற்றி வைத்திருந்த கிரீடத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து, "ராஜா மாத்தியா, தே பொனவத?" என்று, ராஜா தேநீர் குடிப்பாரா என்று கேட்டு, ஒரு கோப்பையை நீட்டினார். அந்தத் தேநீரைக் குடித்த பிறகுதான் எழுந்து உட்கார முடிந்தது.

மண்டபம் நிறைந்துவிட்டது. திரை ஓரமாகப் பார்த்தேன். ஆசிரியர்கள், பாடசாலைப் பிள்ளைகள், ஊர்க் கடைக்காரர்கள், அப்புறம் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்த சனம். மூன்றாம் வரிசை ஓரத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் பெயர் எழுதி ஒட்டியிருந்த நாற்காலியில் யாரோ அதிகாரி உட்கார்ந்துவிட்டார், அவள் எழுப்பவில்லை. சேலைக்கு மேல் பச்சை ஸ்வெட்டர், மடியில் ஒரு ஷாப்பிங் பை. விடியற்காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், பாதி நாள் கொழுந்து எடுத்து, நேரே வந்திருக்கிறாள். தலையில் கொங்காணித் துணி கட்டிய தழும்பு நெற்றியில் அப்படியே இருந்தது.

என் நுழைவு நன்றாக வந்தது. இதை நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லாததால். மத்தளம் எடுத்ததும் காய்ச்சலும் முழங்காலும் எங்கோ போய்விட்டன. சுழன்று வந்து நடு மேடையில் காலை ஊன்றி நின்றபோது சபை அமைதியாகிவிட்டது. கடைசி வரிசைக்குப் போகிற மாதிரிக் குரலை எடுத்தேன். அது போனது. எனக்குத் தெரியும், போகும்போது நடிகனுக்குத் தெரிந்துவிடும். அப்படியே கண்ணை ஓட்டி மூன்றாம் வரிசையைப் பார்த்தேன்.

அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

தலை பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நான் மேடையில் இருந்த அடுத்த முக்கால் மணி நேரமும் அவள் அசையவில்லை. போர்க்களம் வந்தது, மத்தளம் கிடுகிடுத்தது, இரண்டு பேர் செத்து விழுந்தார்கள். அவளுக்கு எதுவும் தெரியாது. எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் எப்படிக் கோபப்படுவது? காலை நாலு மணிக்கு எழுந்தவள். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமலே நடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சியில் அரசன் நாட்டை இழந்து, வேடம் மாறி, தன் பெயர் பொறித்த கல்தூணைப் பார்க்க வருவான். பகைவர்கள் அந்தப் பெயரில் பாதியைச் செதுக்கி எறிந்திருப்பார்கள். அவன் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்வான்: "அமைச்சரே, என் பெயரைப் பாதியாக்கிவிட்டார்கள்." நாடகமே அந்த ஒரு வரியை நோக்கித்தான் போகிறது. இயக்குநர் அதற்காக ஒரு வாரம் என்னை வறுத்தெடுத்திருந்தார்.

நான் கல்லைத் தடவினேன். நிமிர்ந்தேன். அக்கா தூங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"அரைப் பேரு போட்டுட்டாங்கய்யா."

நான்தான் சொன்னேன். அரசன் குரலில், கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி, சுத்தமான லயத்துத் தமிழில். பிறகு நடு மண்டபத்திலிருந்து ஒரு கிழவரின் குரல் வந்தது: "கணக்கப்பிள்ளையப் போயி கேளுங்க ராசா!"

மண்டபம் இடிந்து விழாத குறை. நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். அமைச்சராக நடித்த பையன் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆசிரியர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நெளிந்தார்கள். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கிவிட்ட பழக்கத்தில், அசையாமல் நின்றேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. அடங்கியது மட்டுமில்லை, ஒருவிதமான மௌனமாகவே ஆகிவிட்டது. தோட்டத்துச் சனம் என்னை ஏறிட்டுப் பார்த்தது. எழுதிய வரியை எடுத்துச் சொன்னேன். "அமைச்சரே, என் பெயரைப் பாதியாக்கிவிட்டார்கள்." முன்வரிசைப் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. காட்சி எப்படியோ முடிந்தது.

உள்ளே வந்ததும் இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அண்ணை, என்ன வேலை செய்துபோட்டியள்! இதை அப்பிடியே வைப்பம். எல்லா இடத்திலயும் இப்பிடியே சொல்லுங்கோ."

"அது பிழை, தங்கச்சி. நாக்குத் தவறிவிட்டது."

"பிழையா இருந்தா என்ன? சனம் எப்பிடி எடுத்தது, பார்த்தியள்தானே."

பார்த்தேன்தான். நான்கு வருடம் பயின்ற கூத்தும், இருபத்தைந்து வருட மேடையும் ஒரு பக்கம் இருக்க, சனத்தின் நெஞ்சைத் தொட்டது என்னவோ நான் துடைத்துப் போட்டதாக நினைத்த மூன்று சொற்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அன்றைக்குச் சந்தோஷம் வரவில்லை. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைக் கழுவக்கூடப் பொறுமையில்லாமல் அக்காவைத் தேடிப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் இருவரும் உட்கார்ந்தோம். அவளுக்கு ஐந்தரை நோர்வூட் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிளேன்டீயும் வடையும் வந்தது. என் காதோரத்தில் ஒட்டியிருந்த சாயத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"தூங்கிட்டேன்டா," என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே. "நீ சுத்திச் சுத்தி வந்தியே, அது வரைக்கும் பாத்தேன். ஒக்காந்தா கண்ணு சொக்கிப் போகுது, என்னா செய்ய? பெறகு எல்லாம் சிரிச்சாங்களா, முழிச்சிக்கிட்டேன். என்னாத்துக்குச் சிரிச்சாங்க?"

சொன்னேன். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வடையைத் தட்டில் போட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "கிரீடத்த வச்சிக்கிட்டா சொன்ன? அட பாவி!" பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். காய்ச்சல், அலுப்பு, எல்லாம் சேர்ந்து வாய் திறந்துவிட்டது. "இந்த ஒரு நாடகத்தை நீ பார்க்க வேண்டும் என்றுதான் அக்கா இவ்வளவும். அன்றைக்கு டிவியை நிறுத்திவிட்டு 'இதுக்கா'ன்னு கேட்டாயே. இல்லை, இதற்குத்தான் என்று உனக்குக் காட்ட நினைத்தேன். நீ மலைக்குப் போய்ப் போய் என்னை நடிகனாக்கினாய்..."

"இரு, இரு. நான் அப்படிக் கேட்டேனா?"

"கேட்டாய்."

"எனக்கு ஞாபகமே இல்லயேடா." யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே அவளுக்கு ஞாபகமில்லை. பிளேன்டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, நிதானமாக, சங்கத்துக் கூட்டத்தில் பேசுகிற குரலில் சொன்னாள். "இங்க பாரு. ஒன்ன நடிகனாக்கணும்னு நான் எப்ப நெனச்சேன்? எனக்கு நடிப்பப் பத்தி என்னா தெரியும்? அந்த மலைக்கு நம்ம வீட்டுல ஒரு ஆளாவது வரக் கூடாது. அம்புட்டுத்தான் நான் நெனச்சது. நீ கடை வச்சிருந்தாலும் எனக்குச் சரிதான். பஸ் ஓட்டியிருந்தாலும் சரிதான். நீ படிக்க மட்டக்களப்புக்குப் போன அன்னைக்கே எனக்கு அது முடிஞ்சிபோச்சி."

அவள் தன் தட்டில் கிடந்த வடையைத் தின்று முடித்தாள்.

"நடிக்கிறது ஒன்னோட ஆச. புடிச்சா நடி. ஒடம்பு முடியலன்னா விட்டுட்டு வந்து படு. ஆனா அதத் தூக்கி எம்மேல போடாத. எனக்கு எங் கூடையே போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் வடையில் பாதியைப் பிய்த்துச் சாப்பிட்டாள். பஸ் வந்தது. ஏறும்போது மருந்து வாங்கிப் போடு என்று சொன்னாள், கூட்டத்தில் முண்டியடித்து ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்துவிட்டாள். பஸ் கிளம்பும் முன்னாலேயே அவள் கண் மூடிவிட்டது.

நான் ஸ்டாண்டிலேயே நின்றேன். அழுகை வந்தது, அதில் பாதி ஆத்திரம். யாரும் கேட்காத ஒன்றை இத்தனை வருடம் சுமந்துவந்து கொடுக்கப் பார்த்திருக்கிறேன். அவளுக்காக என்று சொல்லிக்கொண்டுதான் குடிகாரனாக விழுந்தேன், ஈட்டியோடு நின்றேன், முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். அவளுக்காக இல்லை என்றால் யாருக்காக என்று அதுவரை ஒரு தடவைகூட என்னை நானே கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

இயக்குநர் போனில் கூப்பிட்டார். அடுத்த சனிக்கிழமை பூண்டுலோயாவில் காட்சி உறுதியாகிவிட்டது, உங்களுக்கு ஏலுமோ என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இருபத்தைந்து வருடத்தில் ஒரு வேடத்துக்கு நான் அப்படிப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.